கடல் கடந்த பயணமும் கைப்பையில் இருக்க வேண்டிய உயிர்மருந்தும்

எமது நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது இன்று ஆடம்பரமானதொரு விடயமன்று. யுத்தத்தினால் சிதறுண்ட குடும்பங்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழ, பெற்றோர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வாழ்கின்றனர். அவர்களை ஒன்றுசேர்ப்பது திருமணமும் மரணமும் பேரப்பிள்ளையின் பிறப்புமே. ஹஜ், உம்ரா கடமைகளுக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மக்கா நோக்கிப் பயணமாகின்றனர். மத்திய கிழக்கில் தொழில் தேடிச் செல்வோர், மேற்படிப்புக்காகப் புறப்படும் இளைஞர், யுவதிகள், தமிழகத்துக்குத் தல யாத்திரை செல்வோர் எனப் பட்டியல் நீண்டு செல்கின்றது. இவர்களுள் முதலாம் வகை நீரிழிவு நோயுடன் வாழ்பவர்களும் இருக்கின்றனர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பயணத்துக்கெனப் பெட்டி அடுக்கப்படும் எந்தவொரு வீட்டிலும் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, உறவினருக்கான உடுபுடைவை ஆகியவற்றுக்குத் தனித்தனியே இடம் ஒதுக்கப்பட்டு நிறையும் பார்க்கப்படுகின்றது. நோயாளியின் இன்சுலினோ பெரும்பாலும் கடைசி நேரத்திலேயே நினைவுக்கு வருகின்றது. சில வேளைகளில் அது மிளகாய்த்தூள் பொதிக்கு அருகிலேயே வைக்கப்பட்டு, விமானத்தின் அடிப்பகுதிக்குச் செல்லும் பெட்டியினுள் பூட்டப்பட்டும் விடுகின்றது. பெட்டி தவறினால் உடுபுடைவையை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். இன்சுலின் தவறினால் ஒரு நாளுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் வெளிநாடு செல்லக்கூடாது என எந்த வைத்தியரும் கூறுவதில்லை. ஆயத்தமின்றிச் செல்வதும், நோயை மறைத்துக்கொண்டு செல்வதுமே ஆபத்தானவை. அந்த ஆயத்தம் எத்தகையது, அது ஏன் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே பெயர், இரு வேறு நோய்கள்

எம்மவர் மத்தியில் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் பொதுவாக அழைக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவாகும். அது அநேகமாக நடுத்தர வயதில் தோன்றுவது. உணவுக் கட்டுப்பாட்டினாலும் மாத்திரைகளினாலும் நீண்ட காலம் சமாளிக்கக்கூடியது. முதலாம் வகை அத்தகையதன்று. உடலைப் பாதுகாக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே, சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிடுவதனால் அது ஏற்படுகின்றது. பெரும்பாலும் சிறுவயதிலும் இளமையிலும் தோன்றினாலும் எந்த வயதிலும் தோன்றலாம். சீனி அதிகம் உண்டதனாலோ பெற்றோரின் கவனக்குறைவினாலோ அது வருவதில்லை.

இந்நோயாளியின் உடலில் இன்சுலின் சுரப்பது ஏறத்தாழ முற்றாகவே நின்றுவிடுகின்றது. இன்சுலின் இல்லாதபோது உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் கலங்கள் பயன்படுத்த முடிவதில்லை. உடல் தனது கொழுப்பை எரிக்கத் தொடங்க, கீற்றோன் எனப்படும் அமிலப் பொருட்கள் குருதியில் தேங்குகின்றன. கடும் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை அதன் அறிகுறிகளாகும். உடனடிச் சிகிச்சை கிடைக்காவிடின் மயக்கமும் மரணமும் நேரும். ஆகவே இன்சுலின் இவர்களுக்கு விரும்பினால் நிறுத்திக்கொள்ளக்கூடிய மருந்தன்று.

அது இல்லாத காலம் எவ்வாறிருந்தது என்பதற்கு ரொறன்ரோ நகரே சாட்சியாகும். ஈழத்தமிழர்கள் இன்று பெருந்தொகையாக வாழும் அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே 1921 ஆம் ஆண்டு பிரெட்ரிக் பான்டிங்கும் சார்ள்ஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்ததெல்லாம், உணவை மிகவும் குறைத்து மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது மாத்திரமே. 1922 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய மருந்து அதே மாதத்தில் மீண்டும் ஏற்றப்பட்டபோது அச்சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கே பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14 ஆம் திகதியே உலக நீரிழிவு தினமாக இன்று அனுஷ்டிக்கப்படுகின்றது.

வீட்டிலேயே தொடங்க வேண்டிய ஆயத்தம்

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரேனும் வைத்தியரைச் சந்திப்பது அவசியமாகும். செல்லும் நாடு, விமானம் புறப்படும் நேரம், இடையில் தங்கும் இடம், மொத்தப் பயண நேரம், அங்கு தங்கும் நாட்கள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். இவை தெரியாமல் எந்த வைத்தியராலும் ஊசியின் அளவையும் நேரத்தையும் வகுத்துக் கொடுக்க இயலாது.

அவரிடமிருந்து பெற வேண்டிய கடிதம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். நோயாளியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதப்பட வேண்டும். முதலாம் வகை நீரிழிவு என்பது, பாவிக்கும் இன்சுலினின் வர்த்தகப் பெயர் மாத்திரமன்றி அதன் பொதுப்பெயர், வலு, நாளொன்றுக்கான அளவு, ஊசிகளையும் சிறிஞ்சுகளையும் குளுக்கோமீற்றரையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டியதன் காரணம் ஆகியன அதில் அடங்க வேண்டும். கடிதத்துடன் மருந்துச் சிட்டையின் பிரதியும் தேவை. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை பெறுவோர் தமது கிளினிக் கொப்பியே போதுமென எண்ணிவிடுகின்றனர். அவசரத்தில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளை வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்வது கடினமாகும்.

அடுத்தது மருந்தின் அளவு. தேவைப்படும் அளவைப் போல் இரு மடங்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே உலகெங்கும் வழங்கப்படும் அறிவுரையாகும். உதாரணமாக, நாளொன்றுக்கு 40 அலகுகள் பாவிக்கும் ஒருவருக்கு 30 நாட்களுக்கு 1200 அலகுகள் தேவை. 10 மில்லிலீற்றர் குப்பியில் சாதாரணமாக 1000 அலகுகள் இருக்கும். கணக்கின்படி இரண்டு குப்பிகள் போதுமாயினும் மூன்று குப்பிகளையேனும் கொண்டு செல்ல வேண்டும். குப்பி உடையலாம், வெப்பத்தினால் பழுதடையலாம், விமானம் தாமதிக்கலாம், திரும்பும் திகதியும் பிற்போகலாம். ஊசிகள், சிறிஞ்சுகள், ஸ்ட்ரிப் எனப்படும் பரிசோதனைக் கீற்றுகள், குளுக்கோமீற்றருக்கான மேலதிக பற்றரி ஆகியவற்றுக்கும் இதே கணக்கே பொருந்தும். இன்சுலின் பம்பி பாவிப்போர், அது பழுதடையும் சந்தர்ப்பத்தில் ஊசியால் ஏற்றிக்கொள்வதற்கான இன்சுலினையும் சிறிஞ்சுகளையும் அவசியம் வைத்திருக்க வேண்டும்.

எமது கிளினிக்குகளில் வழமையாக ஒரு மாதத்துக்கான மருந்தே வழங்கப்படுவதனால், மேலதிக அளவைப் பெறுவது பற்றி முன்கூட்டியே பேசுதல் வேண்டும். தேவையாயின் ஒசுசலவிலோ தனியார் மருந்தகத்திலோ வாங்குவதற்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் நிலவிய மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த எவருக்கும், மருந்தைக் கடைசி நாளில் தேடுவதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

பயணக் காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. காப்புறுதி பெறும்போது நீரிழிவு இருப்பதை மறைத்தால் கட்டணம் குறையலாம். ஆனால் வெளிநாட்டு வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்படும் நாளில் அந்தக் காப்புறுதி பெறுமதியற்ற காகிதமாகிவிடும். இலவச மருத்துவத்துக்குப் பழகிப்போன எமக்கு, சுற்றுலா விசாவில் செல்பவருக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வைத்தியசாலைக் கட்டணம் எத்தகைய சுமையாகும் என்பது இலகுவில் புரிவதில்லை. அந்தச் சுமை இறுதியில் அங்குள்ள மகனின் அல்லது மகளின் தோளிலேயே விழும்.

குளிரும் எதிரி, வெப்பமும் எதிரி

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருத்தல் வேண்டும். பாவனையில் உள்ளதை 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத அறை வெப்பநிலையில், பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை வைத்திருக்கலாம். சரியான எல்லை அந்தந்த மருந்தின் உறையிலே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு தடவை உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னர் பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும் அதன் வலுவை நம்ப முடியாது. அதனை எறிந்துவிட வேண்டும்.

விமானத்தின் அடிப்பகுதியில் வைக்கப்படும் பெட்டி கடுங்குளிருக்கு உள்ளாகலாம், வழி தவறியும் போகலாம். ஆகவே இன்சுலின் முழுவதும் பயணியுடன் மேலே வரும் கைப்பொதியிலேயே இருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் செல்வாராயின் மருந்தை இரண்டாகப் பிரித்து இருவரது கைப்பைகளிலும் வைப்பது நன்று. ஒரு பை தொலைந்தாலும் மற்றையது இருக்கும். விமானப் பணியாளரிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கொடுப்பதும் உசிதமன்று. இறங்கும் அவசரத்தில் அது மறக்கப்படலாம், பனிக்கட்டிக்கு அருகில் வைக்கப்பட்டு உறைந்தும் போகலாம்.

கிராமங்களில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் மண்பானையில் ஈரமணல் இட்டு அதனுள் இன்சுலினைப் பாதுகாக்கும் முறை உண்டு. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே அதன் அடிப்படை. இதே தத்துவத்தில் இயங்கும், நீரில் நனைத்துப் பாவிக்கும் துணிப்பைகள் பயணிகளுக்கென விற்பனையாகின்றன. பனிக்கட்டிப் பொதி பாவிப்பின், அது குப்பியை நேரடியாகத் தொடாதவாறு துணியால் சுற்றப்பட வேண்டும். கனடாவின் பனிக்காலத்தில் இன்சுலினை வாகனத்தில் விட்டுச் செல்வதும், அரபு நாடுகளின் கோடையில் வாகனத்தில் விட்டுச் செல்வதும் ஒரே அளவு தவறாகும். ஹோட்டல் அறைகளிலுள்ள சிறிய குளிர்சாதனப் பெட்டிகளின் பின்புறத்திலும் மருந்து உறைந்துபோகக்கூடும்.

விமான நிலையத்திலும் வானத்திலும்

2006 ஆம் ஆண்டிலிருந்து பல விமான நிலையங்களில் கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் பொருட்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இன்சுலின் போன்ற அத்தியாவசிய மருந்துகளுக்கு அதில் விலக்கு உண்டு. இன்சுலினும் ஊசிகளும் தன்னிடம் உள்ளன என்பதைப் பரிசோதனை தொடங்கும் முன்னரே அதிகாரியிடம் கூறி வைத்தியரின் கடிதத்தைக் காட்டிவிடுவதே சிறந்தது. கேட்கும்வரை மறைத்து வைத்திருப்பதே சந்தேகத்தை ஏற்படுத்தும். இன்சுலின் பம்பி, தொடர்ச்சியாகச் சீனியை அளவிடும் கருவி ஆகியவற்றை அணிந்திருப்போர், அவற்றுள் சிலவற்றை எக்ஸ்ரே இயந்திரத்தினூடாக அனுப்பக்கூடாது என அவற்றின் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்தியிருப்பதனால், கையால் பரிசோதிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம்.

விமானத்தில் நீரிழிவு நோயாளருக்கான விசேட உணவைக் கேட்டுப் பெறுவது நல்லதெனப் பலர் கருதுகின்றனர். அந்த உணவில் மாச்சத்து மிகக் குறைவாக இருக்கக்கூடுமாதலால் இன்சுலின் ஏற்றியவருக்கு அது போதாமலும் போகலாம். சாதாரண உணவை அளவோடு உண்பதே பலருக்கும் பொருத்தமானது. இதனிலும் முக்கியமானது, உணவு வண்டி தூரத்தில் தெரிந்தவுடன் ஊசியை ஏற்றிவிடாதிருத்தல். விமானம் குலுங்கத் தொடங்கினால் உணவு பரிமாறுவது இடையிலே நிறுத்தப்படலாம். தட்டு முன்னால் வந்த பின்னரே உணவுக்கான இன்சுலினை ஏற்ற வேண்டும். பிஸ்கட், பேரீச்சம்பழம், குளுக்கோஸ் வில்லைகள் எப்போதும் சட்டைப்பையில் இருத்தல் வேண்டும். தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்து பயனில்லை.

பயணிகளைப் பெரிதும் குழப்புவது நேர வித்தியாசமேயாகும். மேற்கு நோக்கிச் செல்லும்போது நாள் நீள்கின்றது. கிழக்கு நோக்கிச் செல்லும்போது நாள் சுருங்குகின்றது. நீண்ட நாளில் ஒரு வேளை உணவும் அதற்கான சிறிதளவு இன்சுலினும் மேலதிகமாகத் தேவைப்படலாம். சுருங்கிய நாளில் வழமையான அளவையே ஏற்றினால் இரு ஊசிகளின் வேலை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். ஜித்தாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான இரண்டரை மணி நேரம் பெரிய வித்தியாசமன்று. லண்டனுக்குப் பனிக்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், ரொறன்ரோவுக்குப் பத்தரை மணி நேரமும் வித்தியாசம் உண்டு.

நாளொன்றுக்கு ஒரு தடவை, இரவு 9 மணிக்கு நீண்டநேரம் செயற்படும் இன்சுலினை ஏற்றும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் இரவு 9 மணி என்பது பனிக்கால ரொறன்ரோவில் காலை 10.30 மணியாகும். அங்கு சென்றபின் நாள்தோறும் காலை 10.30 மணிக்கே அந்த ஊசியை ஏற்றுவாராயின் 24 மணி நேர இடைவெளி மாறாது. குறுகிய காலம் தங்குவோருக்கு இது இலகுவான வழியாகும். நீண்ட காலம் தங்குவோர் வைத்தியரின் ஆலோசனைப்படி நாளுக்கு ஓரிரு மணித்தியாலங்களாக நேரத்தை நகர்த்திக்கொள்ளலாம். காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் பாவிப்போருக்கு இக்கணக்குச் சற்றுச் சிக்கலானது; அதனை வைத்தியரே எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வாறாயினும், தரையிறங்கும்வரை கைக்கடிகாரத்தைக் கொழும்பு நேரத்திலேயே வைத்திருப்பதும், நான்கு மணித்தியாலங்களுக்கு ஒரு தடவையேனும் சீனியைப் பரிசோதிப்பதும் குழப்பத்தைக் குறைக்கும்.

இலக்கங்கள் ஏமாற்றும் இடங்கள்

எமது நாட்டில் குருதியிலுள்ள சீனி, ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என அளவிடப்படுகின்றது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் மில்லிமோல் என்ற அலகு வழங்குகின்றது. அங்குள்ள இலக்கத்தை 18 ஆல் பெருக்கினால் எமது இலக்கம் கிடைக்கும். அங்கு "4" என்றால் இங்கு 72. அங்கு "10" என்றால் இங்கு 180. "சீனி 14 தான்" என்று லண்டனில் கூறப்படுவதைக் கேட்டு, அது மிகக் குறைவென எண்ணி இனிப்பைக் கொடுத்துவிடும் உறவினர், உண்மையில் 250 இற்கு மேல் உள்ளவருக்கே அதனைக் கொடுக்கின்றார்.

இன்சுலினின் வலுவிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு மில்லிலீற்றரில் 100 அலகுகள் கொண்ட இன்சுலினே பல நாடுகளில் வழங்குகின்றது. ஆனால் இந்தியாவில் 40 அலகுகள் மாத்திரம் கொண்ட குப்பிகளும் பரவலாக விற்பனையாகின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சிறிஞ்சுகள் உண்டு. சென்னையில் 40 அலகுக் குப்பியை வாங்கி, இங்கிருந்து கொண்டு சென்ற 100 அலகுச் சிறிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுப்பவருக்கு 8 அலகுகளே உடலில் சேரும். மறுபுறமாக, 100 அலகு இன்சுலினை 40 அலகுச் சிறிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்தால் 50 அலகுகள் சேர்ந்துவிடும். முன்னையது சீனியைக் கட்டுக்கடங்காது உயர்த்தும். பின்னையது உயிரையே பறிக்கக்கூடும். குப்பியும் சிறிஞ்சும் ஒரே வலுவைச் சேர்ந்தவையா என்பதைப் பார்க்காமல் எந்த ஊசியும் ஏற்றப்படலாகாது.

வர்த்தகப் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறுபடும். எம்மிடையே நன்கு அறியப்பட்ட மிக்ஸ்டாட் 30 பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அங்குள்ள மருந்தகத்தில் அப்பெயரைக் கூறித் தேடுவதிலும் பார்க்க, பொதுப்பெயர் எழுதிய கடிதத்தைக் காட்டுவதே பயன் தரும்.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

ஹஜ், உம்ரா கடமைகளில் தவாப், ஸஈ ஆகியவற்றுக்காக நீண்ட தூரம் நடக்க வேண்டியுள்ளது. ஸஈ மாத்திரமே மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நடையும் வெப்பமும் இன்சுலினின் வேகத்தை அதிகரித்துச் சீனியைத் திடீரெனக் குறைத்துவிடக்கூடும். 2024 ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பநிலை 50 பாகை செல்சியஸைத் தாண்டியதும், 1300 இற்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் உயிரிழந்ததாகச் சவூதி அதிகாரிகள் அறிவித்ததும் எவரும் மறக்கக்கூடியவையல்ல. தவாபைத் தொடங்கும் முன்னர் சீனியைப் பரிசோதித்தல், தண்ணீரும் பேரீச்சம்பழமும் உடன் வைத்திருத்தல், இயன்றவரை வெயில் தணிந்த வேளையைத் தெரிவுசெய்தல் ஆகியவை அவசியமாகும். இஹ்ராம் உடையுடன் பணப்பைக்கென இடுப்புப் பட்டி அணிவது வழமை. இன்சுலினும் குளுக்கோஸும் வைப்பதற்கும் அது உதவும். பல ஆண்டுகளாக நீரிழிவுள்ளவரின் பாதங்களில் உணர்வு குன்றியிருக்கலாம். சுடுதரையில் வெறுங்காலுடன் நடந்தால் கொப்புளம் எழுந்த பின்னரே அவருக்குத் தெரியவரும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதனை ஏற்றுக்கொள்வது பலவீனமன்று. ஐயம் உள்ளோர் வைத்தியரிடமும் உலமாக்களிடமும் புறப்படும் முன்னரே தெளிவு பெறுவது நன்று.

தமிழகத்துக்கு யாத்திரை செல்லும் இந்துக்களுக்கும் இது பொருந்தும். திருவண்ணாமலைக் கிரிவலம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். பலரும் வெறுங்காலுடனேயே நடக்கின்றனர். சபரிமலைக்கும் வெறுங்காலுடனேயே ஏறுகின்றனர். விரதம் இருந்துகொண்டு, வழமையான இன்சுலினையும் ஏற்றி, அத்தூரத்தை நடப்பது அறிந்தே ஆபத்தைத் தேடுவதாகும். இரவில் கால்களைப் பார்ப்பதும், சிறு காயத்தையும் அலட்சியம் செய்யாதிருப்பதும் யாத்திரையின் ஓர் அங்கமாகட்டும்.

உடன் செல்பவர் அறிய வேண்டியவை

சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே குறையும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, தடுமாற்றமான பேச்சு, காரணமற்ற கோபம் ஆகியன தோன்றலாம். உடனடியாக 15 கிராம் அளவு சீனி கொடுக்கப்பட வேண்டும். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியோ, அரைக் கோப்பைப் பழச்சாறோ போதுமானது. 15 நிமிடங்களின் பின்னர் மீண்டும் பரிசோதித்து, உயராவிடின் மீண்டும் கொடுக்க வேண்டும். பின்னர் பிஸ்கட் அல்லது பாண் உண்ணச் செய்யலாம். சுயநினைவு இழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். குளுக்ககோன் ஊசி கைவசம் இருப்பின் அதனை ஏற்ற வேண்டும். உடனடியாக மருத்துவ உதவியும் அழைக்கப்பட வேண்டும்.

பயணத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வருவது சாதாரணம். அவ்வேளையில் "சாப்பிடவில்லைத்தானே, ஊசி வேண்டாம்" என்று நல்லெண்ணத்துடன் கூறப்படும் ஆலோசனையே பலரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியுள்ளது. நோயுற்ற உடலில் சீனி உயர்வதனால் அடிப்படை இன்சுலினை ஒருபோதும் முற்றாக நிறுத்தலாகாது. அளவை மாற்றுவது எவ்வாறு என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சீனி 250 இற்கு மேல் நிலைத்திருந்தாலோ வாந்தி நிற்காவிடினோ கீற்றோனைப் பரிசோதித்து, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஆங்கிலத்திலும், அரபு நாடுகளுக்குச் செல்வோராயின் அரபியிலும் எழுதிய சிறு அட்டையொன்று கடவுச்சீட்டுடன் எப்போதும் இருக்கட்டும்.

மறைப்பதன் விலை

மேற்கூறிய ஆயத்தங்கள் யாவற்றையும் பயனற்றதாக்கிவிடும் ஒன்று எம் சமூகங்களில் உண்டு. அது நோயை மறைத்தல் ஆகும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசப்படும் பெண்ணின் நோய் மறைக்கப்படுகின்றது. தொழில் பறிபோகும் என்ற அச்சத்தில் இளைஞன் மறைக்கின்றான். சக மாணவர் ஏளனம் செய்வர் என அஞ்சி மேற்படிப்புக்குச் சென்ற பிள்ளை விடுதியில் மறைக்கின்றது. பெற்றோரின் அச்சம் காரணமற்றதென நாம் கூறவில்லை. இந்நோயுள்ள பெண்ணைக் குறையுள்ளவளாகப் பார்க்கும் பார்வை எம்மிடம் இருக்கும்வரை அவர்களும் அஞ்சவே செய்வர். ஆனால் அந்நிய வீட்டில், மாமியார் அருகில் இருக்கின்றார் என்பதற்காக ஓர் ஊசியைத் தள்ளிப்போடும் புதுமணப்பெண் தனது உயிரைப் பணயம் வைக்கின்றாள். அவள் மயங்கி விழும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

இன்சுலினை முறையாகப் பாவித்து இந்நோயைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்போர் கற்கின்றனர், தொழில் புரிகின்றனர், திருமணம் செய்கின்றனர், ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகின்றனர். இதனை மணமகன் வீட்டாருக்கு எடுத்துக்கூறும் துணிவு பெற்றோருக்கு வேண்டும். அதனைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் பக்குவம் மறுதரப்புக்கும் வேண்டும். "இங்கே நல்ல நாட்டு மருந்து இருக்கிறது, ஊசியை விட்டுவிடலாம்" எனக் கூறும் உறவினர் எந்த நாட்டிலும் இருப்பர். அவர்களது அன்பை ஏற்றுக்கொண்டு ஆலோசனையைத் தவிர்ப்பதே அறிவுடைமையாகும்.

கட்டுநாயக்கவிலிருந்தும் பலாலியிலிருந்தும் புறப்படும் விமானங்களில் எம்மவர் தொடர்ந்து பயணம் செய்யவே போகின்றனர். பிரிந்த உறவுகளைச் சேர்வதற்கும் இறை கடமையை நிறைவேற்றுவதற்கும் செல்லும் அப்பயணங்கள் நலமாக நிறைவேற வேண்டும். அதற்கு முதலாம் வகை நீரிழிவுள்ளவரிடம் வேண்டப்படுவது ஆறு வாரகால முன்னாயத்தமும், கைப்பையில் இரு மடங்கு மருந்தும், உடனிருப்போரிடம் உண்மையைக் கூறும் மனத்திடமுமேயாகும். உடனிருப்போரிடம் வேண்டப்படுவது, அந்த உண்மையை அனுதாபமாகவோ குறையாகவோ பார்க்காது, பொறுப்பாக ஏற்றுக்கொள்வதாகும்.